பிளஸ் 2 முடித்த பிள்ளைகளுக்கு

தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும்வரை வீட்டில் உன்னைப் பற்றித்தான் பேச்சு. மாமா ஒன்று சொல்வார், டியூஷன் சார் ஒன்று சொல்வார், பெங்களூரில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன் போனில் வேறொன்று சொல்வார். நான் விருதுநகர் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவன். மதிப்பெண் பட்டியல் வாங்க வரும் பிள்ளையும் அப்பாவும் பள்ளி வராந்தாவில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதை ஆண்டுதோறும் பார்த்தவன்.

அந்த அனுபவத்தில் ஒன்று எனக்கு உறுதியாகத் தெரியும். "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்று மட்டும் சொல்லும் பிள்ளையின் பேச்சு வீட்டில் எடுபடுவதில்லை. அந்தப் படிப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆகும், முடித்தால் என்ன வேலை, நடுவில் தவறினால் என்ன வழி என்றெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்து உட்காரும் பிள்ளையின் பேச்சை முக்கால்வாசி வீடுகளில் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த விசாரிப்பைப் பற்றித்தான்.

1. அப்பாவும் அம்மாவும் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்.

"பேசாம இன்ஜினியரிங் சேரு" என்று அப்பா சொல்வதை வெறும் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதே. 1984இல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழி திறந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சாப்ட்வேர் கம்பெனிகள் பெருகின. தாயும் தகப்பனும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க் கஞ்சி குடித்த வீட்டில் ஒரு பையன் பி.இ. முடித்தான், சென்னைக்குப் போனான், ஓட்டு வீட்டைத் தளம் போட்ட வீடாக்கினான், தங்கச்சிக்குக் கல்யாணம் செய்துவைத்தான். உன் அப்பா இதைத் தன் தெருவிலேயே பார்த்திருக்கிறார். அவர் பார்த்தது பொய் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவர் அவ்வளவு கிட்டத்தில் பார்க்கவில்லை. 2010களின் தொடக்கத்தில் மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகள் 500ஐத் தாண்டிவிட்டன. ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகக் கிடந்தன. பி.இ. முடித்துவிட்டுப் படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அதை யாரும் கல்யாண வீட்டில் வந்து சொல்லிக்கொள்வதில்லை.

ஆகையால் எதிர்த்துப் பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேள்: "நான் சொல்றதைப் படிச்சா என்ன ஆயிடும்னு பயப்படுறீங்கப்பா?" கேட்டுவிட்டுச் சும்மா இரு. பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் வரும். பணம், சொந்தக்காரர்கள் முன்னால் மரியாதை, பெண்பிள்ளையாக இருந்தால் கல்யாணம். எது என்று தெரிந்தால்தான் எதற்குப் பதில் தேட வேண்டும் என்று உனக்குத் தெரியும். பணத்துக்குப் பயப்படுகிற அப்பாவிடம் உன் ஆசையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாலும் பிரயோஜனமில்லை.

2. படிப்பின் பெயரைப் பார்க்காதே. அந்த வேலையைச் செய்கிறவரின் ஒரு நாளைப் பார்.

என்னிடம் படித்த ஒரு பையனுக்கு நாய் என்றால் உயிர். கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஆடு வளர்க்கும் அவன் அப்பாவோ, "மாட்டு வைத்தியம் பார்க்கவா இவ்வளவு படிக்க வெச்சேன்" என்றார். பக்கத்து ஊர்க் கால்நடை மருந்தகத்து டாக்டரிடம் சொல்லி, ஒரு வாரம் கூட நின்று பார்த்துவிட்டு வா என்று பையனை அனுப்பினேன். முதல் நாளே ஒரு பசுவுக்குக் கன்று வெளியே வரவில்லை. முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கிக் கிடந்திருக்கிறது. டாக்டர் தோள்வரை நீளும் உறையை மாட்டிக்கொண்டு, தரையில் ஒருக்களித்துப் படுத்து, கையை முழுசாக உள்ளே விட்டுக் காலைத் தேடி நிமிர்த்திக் கயிறு கட்டினார். வெளியே இழுத்த இரண்டு பேரில் ஒருவன் நம் பையன். சட்டையெல்லாம் சாணமும் பனிக்குடத் தண்ணீரும். மீதி நாட்களில் சினை ஊசி, ஆட்டுக்குத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, பதிவேட்டில் எழுத்து வேலை. நாய் ஒன்றிரண்டுதான் வந்தது.

வாரம் முடிந்து வந்தவன், "சார், இதுக்குத்தான் போறேன்" என்றான். அதைவிட முக்கியம், அந்த டாக்டரே அவன் அப்பாவிடம், "உங்க பையன் முகம் சுளிக்கலைங்க" என்று சொன்னார். அப்பாவின் எதிர்ப்பு அந்த இடத்தில் பாதி கரைந்துவிட்டது. வேறொரு பிள்ளையாக இருந்தால், வேண்டாம் சார் என்று திரும்பியிருக்கலாம். அதுவும் லாபந்தான். ஐந்தரை வருஷப் படிப்பில் நடுவழியில் தெரிவதைவிட ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டதே.

எந்தத் தொழிலானாலும் இப்படி ஒரு ஆளைத் தேடிப் பிடி. பெரிய வெற்றி பெற்றவர் வேண்டாம். படிப்பு முடித்து நான்கைந்து வருஷம் ஆனவர் போதும். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "நேத்து காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேள். சிவில் இன்ஜினியர் சித்திரை வெயிலில் கட்டடத்தில் நின்றதைச் சொல்வார். செவிலியர் இரவுப் பணியைச் சொல்வார். புதிய வக்கீல், சீனியரிடம் கேஸ் கட்டுத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குக் கோர்ட் அலைந்ததையும் கையில் காசு சேராத முதல் வருஷங்களையும் சொல்வார். கேட்டபிறகும் மனம் அந்தப் பக்கமே போனால் நீ சரியான இடத்தில் நிற்கிறாய்.

3. பிடித்த வாத்தியாரையும் பிடித்த பாடத்தையும் குழப்பிக்கொள்ளாதே.

உயிரியல் டீச்சர் நன்றாக நடத்தினார் என்பதற்காக உயிரியல் உன் பாடமாகிவிடாது. நண்பன் சேர்கிறான் என்பதும் காரணம் இல்லை. நீ நினைக்கும் படிப்பின் முதலாண்டுப் பாடத்திட்டம் பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கும். அதில் ஒரு பாடப் புத்தகத்தை நூலகத்திலோ சீனியரிடமோ வாங்கி இரண்டு அத்தியாயம் படித்துப் பார். உளவியல் என்றால் ஆறுதல் சொல்வது என்று நினைத்திருந்த பிள்ளைகள் அதில் புள்ளியியல் வருவதைப் பார்த்துத் திகைத்திருக்கிறார்கள்.

காரணம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு பலம். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனின் அப்பா அறுவைச் சிகிச்சை மருத்துவர். பிள்ளையும் மருத்துவம்தான் படிக்க வேண்டும் என்று குடும்பம் எதிர்பார்த்தது. 1943இல் வங்காளத்தில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானவர்கள் செத்த செய்தி அவரை உலுக்கியது. விளைச்சலைப் பெருக்க வேண்டும் என்று கோயம்புத்தூர் வேளாண் கல்லூரிக்குப் போனார். இன்ன காரணத்துக்காக இதைப் படிக்கிறேன் என்று உன்னாலும் இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா பார்.

4. இருக்கிற வழிகள் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு பிறகு முடிவெடு.

எங்கள் பக்கத்து வீடுகளில் டாக்டர், இன்ஜினியர், இரண்டும் கிடைக்காவிட்டால் "ஏதாவது டிகிரி" என்று மூன்றே வழிதான் தெரியும். நீட் எழுதாவிட்டால் உயிரியல் படித்தது வீண் என்று நினைக்கிறார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்தே நிரப்புகிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அப்படித்தான். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கும் பிளஸ் 2 மதிப்பெண்தான். எந்தக் குரூப் படித்தவரும் சேரலாம்.

கணக்கில் உண்மையான பைத்தியம் இருந்தால் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. ஆராய்ச்சிப் பக்கம் போக விரும்புகிறவருக்குத் திருவனந்தபுரத்திலும் திருப்பதியிலும் ஐசர் என்ற அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கை ஓவியத்தில் ஓடுகிற பிள்ளைக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி, சிற்பத்துக்கு மாமல்லபுரம். கப்பல் வேலைக்கு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம். பாலிடெக்னிக்கை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. பிளஸ் 2வில் உரிய பாடம் படித்தவர்கள் அங்கே நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம். சென்னை ஐஐடி நடத்தும் இணையவழி பி.எஸ். படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை, அதன் தகுதிச் சுற்றில் தேறினால் போதும். வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டே அதையும் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒவ்வொன்றுக்கும் விண்ணப்பத் தேதி வேறு. சிலவற்றுக்குப் பிளஸ் 2 நடக்கும்போதே முடிந்துவிடும். பதினோராம் வகுப்புப் பிள்ளை யாராவது இதைப் படித்தால், இப்போதே தேதிகளைக் குறித்து வை.

5. பணத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசு.

சாத்தூரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள் ஒருத்தி சி.ஏ. படிக்க விரும்பினாள். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான் வேண்டும், அவருடைய அக்கா மகன் படித்தது அதுதான். அந்தப் பெண் அழவில்லை. கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்தாள். இடது பக்கம் அப்பா சொன்ன கல்லூரியின் நான்கு வருஷக் கட்டணம், ஹாஸ்டல், பஸ். வலது பக்கம் உள்ளூர் உதவிபெறும் கல்லூரியில் பி.காம். கட்டணம், சி.ஏ. பவுண்டேஷன் பதிவுக் கட்டணம், பயிற்சி வகுப்பு, பிறகு இன்டர்மீடியட், அதன்பின் ஆடிட்டர் ஆபீசில் ஆர்ட்டிகிள்ஷிப். ஆர்ட்டிகிள்ஷிப் காலத்தில் மாதாமாதம் உதவித்தொகை உண்டு என்பதையும் எழுதியிருந்தாள். பக்கத்தின் அடியில், "பவுண்டேஷன் தேறாவிட்டால்: பி.காம். கையில் இருக்கும். வங்கித் தேர்வு, குரூப் 2 எழுதலாம்" என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரிதான் அப்பாவை அசைத்தது என்று நினைக்கிறேன். கடைக்காரர் அவர், நஷ்டம் எவ்வளவு என்று தெரிந்தால் துணிவார். பிறகு தன் கடைக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கும் ஆடிட்டரிடம் மகளை அழைத்துப் போனார். "இதைப் பொம்பளப் பிள்ளைங்க படிக்கிறாங்களா?" என்று கேட்டிருக்கிறார். எதிர் மேஜையில் லெட்ஜரைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களை ஆடிட்டர் கைகாட்டினார்.

நீயும் இப்படி ஒரு பக்கம் எழுது. எழுதும்போது உனக்கு உரியவற்றை விட்டுவிடாதே. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால், மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்றவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. குடும்பத்தில் இதுவரை பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பி. ஆனால் அதற்கான கட்டணச் சலுகை கவுன்சலிங் வழியாகச் சேர்கிறவர்களுக்கு மட்டும், நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்.

கல்விக் கடனில் பொதுவாக 7.5 லட்சம் வரை வங்கிகள் சொத்து அடமானம் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். ஆனால் வட்டி கடன் வாங்கிய நாளிலிருந்தே ஏறும், பத்திரத்தில் அப்பாவின் கையெழுத்தும் இருக்கும். ஆகவே கடன் என்று சொல்லும்போது மாதத் தவணை எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு சொல். நன்கொடை கேட்கும் கல்லூரி என்றால் எழுந்து வந்துவிடு. தமிழ்நாட்டில் 1992லேயே அதைச் சட்டம் தடுத்துவிட்டது. அதற்காக அப்பா நிலத்தை விற்கத் தயாரானாலும் நீ சம்மதிக்காதே.

6. பேசும் நேரத்தைப் பார்த்துப் பேசு.

ரிசல்ட் வந்த அன்றைக்கு வேண்டாம். சொந்தக்காரர்கள் நடுவில் வேண்டவே வேண்டாம். அங்கே அப்பா உன்னிடம் தோற்க மாட்டார். அவர் மதிக்கிற ஒருவரை முன்கூட்டியே பார்த்து விஷயத்தைச் சொல்லி வை. தாய்மாமாவோ, சித்தப்பாவோ, ஆடிட்டரோ, பழைய வாத்தியாரோ, யாராகவும் இருக்கலாம். அம்மாவைத் தூது அனுப்பாதே. நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது அவள்தான்.

7. கவுன்சலிங் விண்ணப்பத்தை நீயே உட்கார்ந்து நிரப்பு.

இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறாது. பிரவுசிங் சென்டரில் கூட்டம். கடைக்காரத் தம்பி தன் போன் நம்பரையே போட்டு, தானே ஒரு பாஸ்வேர்டு வைத்து, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பான். ஓடிபி அவன் போனுக்குப் போகும். நான்கு வருஷப் படிப்பின் சாவி யாரோ ஒருவர் கையில். உன் போன் நம்பர், உன் மின்னஞ்சல், உன் பாஸ்வேர்டு. இதில் விட்டுக்கொடுக்காதே.

பொறியியலுக்கு கட்-ஆப் 200. கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக 50, 50. அதில்தான் தரவரிசை. நீ வரிசைப்படுத்திக் கொடுக்கும் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, உன் தரவரிசைக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதைத்தான் கொடுப்பார்கள். ஆகவே கிடைக்குமோ கிடைக்காதோ என்று யோசிக்காமல், அதிகம் வேண்டியதை மேலே வை. என் மாணவன் ஒருவனுக்கு எலக்ட்ரிக்கலில் விருப்பம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாத்துலயும் கம்ப்யூட்டர் சயின்ஸ் போடு" என்றார். பெயர்கூடக் கேள்விப்படாத கல்லூரிகளின் கம்ப்யூட்டர் சயின்ஸ் வரிசையாக மேலே போனது. காரைக்குடி அழகப்பா அரசுக் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் பட்டியலின் அடியில் கிடந்தது. அவன் கட்-ஆப்புக்கு அது எளிதாகக் கிடைத்திருக்கும். மேலே இருந்தது கிடைத்துவிட்டதால் பட்டியல் கீழே இறங்கவே இல்லை.

முந்தைய ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எத்தனை கட்-ஆப்பில் முடிந்தது என்ற விவரம் வெளியாகிறது. பட்டியல் கொடுக்கும் நாளுக்கு முன்னால் அதை வைத்துக்கொண்டு அப்பாவோடு வீட்டில் உட்கார்ந்து காகிதத்தில் எழுது. சண்டையை அங்கேயே முடித்துக்கொள். திரைக்கு முன்னால் காகிதத்தைப் பார்த்துப் பதியும் வேலை மட்டும் இருக்கட்டும்.

8. மறுபடியும் நீட் எழுதுவதாக இருந்தால் எல்லையை முதலிலேயே போடு.

எத்தனை முறை, எந்த மதிப்பெண் வந்தால் விட்டுவிடுவது, பயிற்சிக்கு எவ்வளவு செலவு என்று மூன்றையும் வீட்டில் எல்லோரும் கேட்கச் சொல்லிவிட்டு இறங்கு. அந்த ஓராண்டு உன் ஆசையா, அம்மாவின் ஆசையா என்றும் உன்னையே கேட்டுக்கொள். அம்மாவின் ஆசைக்காக இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று அறைக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை எந்தப் பெற்றோரும் விரும்பி வரவழைக்கவில்லை.

பிளஸ் 2வில் ஏதாவது பாடத்தில் தோற்றால் துணைத் தேர்வு அதே கோடையில் வருகிறது. தேறினால் அதே ஆண்டே கல்லூரி. மனம் இருண்டுபோனால் மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடு, எந்த நேரமானாலும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. வீட்டுக்குப் பயந்து யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடாதே. என் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் நடுராத்திரியிலும் திறந்திருப்பேன், உன் வாத்தியாரும் திறப்பார்.

9. பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும்.

உன் வீட்டில் படிப்பைப் பற்றிய சண்டை பல நேரம் படிப்பைப் பற்றியதே இல்லை, தூரத்தைப் பற்றியது. ஆகவே ஹாஸ்டலை அப்பாவும் அம்மாவும் நேரில் பார்க்க வை. வார்டனிடம் பேச வை. அந்தக் கல்லூரியில் படிக்கும் நம் ஊர்ப் பெண் ஒருத்தியின் அம்மாவோடு உன் அம்மாவைப் பேச வை. இந்தக் கடைசி வழி நான் பார்த்தவரை தவறியதில்லை. பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஏதோ ஒரு டிகிரி, மூன்றாம் வருஷம் கல்யாணம் என்று பேச்சு அடிபட்டால், பதினெட்டுக்கு முன் கல்யாணம் சட்டப்படி குற்றம் என்பதோடு நிறுத்தாதே. சம்பளம் வாங்கிய பிறகுதான் கல்யாணம் என்பதைச் சேரும்போதே சொல்லி, அப்பா வாயால் சரி என்று சொல்ல வை. பிற்பாடு அந்தச் சொல் உனக்கு உதவும்.

10. எல்லாம் செய்தும் அவர்கள் சொன்னதே நடந்துவிட்டால்?

நடக்கும். எல்லா வீட்டிலும் பிள்ளை ஜெயிப்பதில்லை. அப்படியானால் அந்தப் பட்டத்துக்குப் பிறகு என்ன வழி என்று முதல் வருஷமே பார்த்து வை. எந்தப் பட்டம் முடித்தவரும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர விண்ணப்பிக்கலாம், யூபிஎஸ்சி எழுதலாம், உரிய மதிப்பெண் இருந்தால் பவுண்டேஷன் எழுதாமலே சி.ஏ. இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம். அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டம் முடித்த பிறகுதான் தன் வழி பொறியியல் என்று கண்டு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் சேர்ந்தார். சேர்க்கைப் பணத்துக்கு அவருடைய அக்கா தன் நகையை அடகு வைத்தார்.

ஆனால் இந்த வழிகளில் பலவும் நீ இப்போது படிக்கும் பட்டத்தின் மதிப்பெண்ணைக் கேட்கும். கோபத்தில் முதல் செமஸ்டரிலேயே நாலு அரியர் வைத்துவிட்டு, "நீங்கதானே சேர்த்து விட்டீங்க" என்று அப்பாவிடம் காட்டாதே. பாடத்தை முடி. வாரத்தில் இரண்டு சாயங்காலத்தை உன் விருப்பத்துக்கு ஒதுக்கி அதில் கையில் காட்டும்படி ஏதாவது செய். எழுத்தானாலும், படமானாலும், கணக்கானாலும், ஒரு வேலையின் பயிற்சியானாலும் சரி. கடைசி வருஷம் ஆரம்பிக்கும்போது அந்த நோட்டில் இன்னொரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டு மறுபடியும் அப்பா எதிரில் போய் உட்கார். அவர் சொன்னதை நீ முடித்துக் காட்டியிருப்பாய். இந்த முறை அவர் உன்னிடம் கேள்வி கேட்பார்.